காங்கேயம் – தாராபுரம் ரோடு, 18 கி.மீ. மைக்ரோவேவ் லிங்க்: எந்த ரேடியோ வாங்கலாம்?

காங்கேயத்தார் | 11-06-2025

காங்கேயத்துல இருந்து தாராபுரம் ரோட்டுப் பக்கம் 18 கி.மீ. தள்ளி எங்க நெட் சர்வீஸோட ரெண்டாவது டவர், ரெண்டுக்கும் நடுவுல ரேடியோ அலையிலதான் டேட்டா போகுது (மைக்ரோவேவ் லிங்க்). இப்ப 5.8 கிகாவுல (கிகாஹெர்ட்ஸ்) ஓடுது, அதுக்கு லைசென்ஸ் வேண்டாம். பகல்ல 200 எம்பிபிஎஸ் வருது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல 60ஐத் தாண்ட மாட்டேங்குது. சுத்துவட்டாரத்துல எல்லாரும் அதே பேண்டுலதான் இருக்கறாங்க. அலைவரிசையை நமக்குன்னு ஒதுக்கிக் குடுக்கற லைசென்ஸ் பேண்டுக்குப் போயிரலாம்னு முடிவு. தேவை 400 எம்பிபிஎஸ். அமெரிக்கக்காரங்க வீடியோ எல்லாத்துலயும் 11 கிகா ரேடியோதான் காட்டறாங்க, விலையும் கம்மி. ரெண்டடி டிஷ்ஷா வாங்கி, இருக்கற ஸ்டே கம்பி டவர்லயே (சுத்திக் கம்பி இழுத்துக் கட்டுன மெலிசு டவர்) மாட்டிக்கலாம்னு இருக்கறேன். எந்தக் கம்பெனி நல்லதுங்க?

நொய்யல்கரை | 11-06-2025

கம்பெனி பேரு கடைசிங்க. முதல்ல அலைவரிசை, அடுத்து பாதை, அப்புறம் டவர், டிஷ். இது நாலும் முடிவானா ரேடியோ தானா ரெண்டு மூணு மாடலுக்குள்ள வந்து நிக்கும்.

11 கிகாவை மறந்துடுங்க. அது அமெரிக்காவில் லிங்குக்கு லிங்க் பதிவு செய்து வாங்கும் பேண்ட். இங்கே மைக்ரோவேவ் பேக்ஹாலுக்கு (டவருக்கு டவர் இணைப்பு) புழக்கத்தில் இருப்பவை 6, 7 கிகா (நெடுந்தூரம்), 13, 15, 18, 21 கிகா (குறுந்தூரம்). 2025 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட ஆலோசனைத் தாளும் இவற்றோடு 80 கிகா பக்கமுள்ள இ-பேண்ட், 60 கிகா பக்கமுள்ள வி-பேண்டைச் சேர்த்துத்தான் பேசுகிறது. 60 கிகா ரேடியோக்களும் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும். வெளிநாட்டில் உரிமம் வேண்டாம் என்பதை நம்பி வாங்காதீங்க, இங்கே அந்த பேண்டுக்கு விலக்கு இல்லை. 2018 அக்டோபரில் உரிமவிலக்கு வந்தது 5 கிகாவுக்கு மட்டும்தான்: 5150–5350, 5470–5875 மெகா.

அரசின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பம், அலைவரிசை ஒதுக்கீடு, சாக்ஃபா அனுமதி (டவர் நிற்கும் இடத்துக்கும் உயரத்துக்கும்), இயக்க உரிமம். இத்தனையும் இருக்கு. ஒதுக்கீட்டுக் கடிதம் கையில் வருமுன் ரேடியோவுக்கு முன்பணம் கட்டாதீங்க. காரணம் வெறும் எச்சரிக்கை உணர்வு இல்லை. ஒரு 15 கிகா ரேடியோ 15 கிகா முழுக்க வேலை செய்யாது. உள்ளே அனுப்பும் அலையையும் வாங்கும் அலையையும் பிரிக்கும் டிப்ளெக்ஸர் ஃபில்டர் ஒரு சப்-பேண்டுக்கு (பேண்டின் ஒரு சிறு பகுதி) மட்டும் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது. அனுப்பும், வாங்கும் அலைவரிசைகளுக்கு இடையிலான இடைவெளியும் அதோடு கட்டுப்பட்டது. கடிதத்தில் வரும் ஜோடி அந்த சப்-பேண்டுக்கு வெளியே விழுந்தால் சாஃப்ட்வேரில் மாற்ற முடியாது, பெட்டியையே மாற்றணும்.

ஸ்பெக்ட்ரம் கட்டணச் சூத்திரத்தில் லிங்கின் தூரமும் சேனல் அகலமும் நேரடியாக வருகின்றன. அதனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று 56 மெகா கேட்பது ஆண்டுதோறும் கட்டும் பணம்.

நொய்யல்கரை | 11-06-2025, இரவு

400 எம்பிபிஎஸ் எப்படி வரும் என்று பார்ப்போம். 28 மெகா சேனலில் 256 குவாமில் (அலையில் ஒரே தடவையில் எத்தனை பிட் ஏற்றுகிறோம் என்ற படி; எண் கூடினால் வேகம் கூடும், சிக்னலும் பலமாக வேணும்) சுமார் 180, 1024 குவாமில் 230 பக்கம். ஒரே சேனலில் 400 வராது. எக்ஸ்பிக் (இரண்டு போலரைசேஷனும் ஒன்றில் ஒன்று கலப்பதை நீக்கும் வசதி) போட்டு அதே 28 மெகாவைச் செங்குத்து, கிடை என்று இரண்டு போலரைசேஷனிலும் (அலை அதிரும் திசை) ஒருசேர ஓட்டினால் 360 முதல் 460. ஆக உங்களுக்கு வேண்டியது எக்ஸ்பிக் உள்ள இரட்டைக் கேரியர் ரேடியோ, டூயல் போலரைஸ்டு டிஷ்.

15 கிகா, 18 கி.மீ. கணக்கு (டிபி என்பது சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு; டிபிஐ டிஷ்ஷின் பெருக்கம், டிபிஎம் சிக்னலின் சக்தி):

வெட்டவெளி இழப்பு 92.45 + 20 லாக் 18 + 20 லாக் 15 = 141 டிபி. 1.2 மீட்டர் டிஷ் ஒவ்வொன்றும் சுமார் 42.5 டிபிஐ, இரண்டும் 85. 256 குவாமில் அனுப்பும் சக்தி 20 டிபிஎம் என்று வைப்போம். இரண்டு போலரைசேஷனையும் ஒரே டிஷ்ஷில் சேர்க்கும் ஓஎம்டியின் இழப்பு இரு பக்கமும் சேர்த்து 1 டிபி. வந்து சேர்வது 20 + 85 − 141 − 1 = மைனஸ் 37 டிபிஎம். 28 மெகாவில் 256 குவாமுக்கு மைனஸ் 67 வரை தாங்கும். மிச்சம் 30 டிபி. இதுதான் மழைக்கான மார்ஜின்.

நீங்க சொன்ன ரெண்டடி டிஷ் (0.6 மீ.) 36.5 டிபிஐதான். இரண்டு பக்கமும் ஆறு ஆறு டிபி போச்சு, மிச்சம் 18.

காங்கேயத்தார் | 12-06-2025

அண்ணா, நம்ம பக்கம் மழையே இல்லையே. வருசத்துக்கு நாலு நாள் பேஞ்சா பெருசு. மழைக்கு இத்தனை டிபி ஒதுக்கணுமா?

நொய்யல்கரை | 12-06-2025

தம்பி, இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வருட மழை அளவு ரேடியோவுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு நிமிடத்தில் எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பதுதான் கணக்கு. மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவத்தில் நமக்குக் காற்றுதான், மழை இல்லை. ஆனால் சித்திரை, வைகாசிக் கோடைமழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இடியோடு சேர்ந்து அரைமணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் ரகம். மொத்தம் குறைவு, வேகம் குறைவில்லை.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பி.837 பரிந்துரையில் உங்கள் ஆயத்தொலைவைப் போட்டால் ஆண்டில் 0.01 சதவீத நேரம், அதாவது சுமார் 53 நிமிடம், தாண்டப்படும் மழைவேகம் கிடைக்கும். இப்போதைக்குக் கணக்குக்காக மணிக்கு 60 மி.மீ. வைக்கிறேன். அந்த வேகத்தில் பி.838 குணகங்கள் தரும் இழப்பு, செங்குத்துப் போலரைசேஷனில், ஒரு கி.மீ.க்கு:

7 கிகா: 0.6 டிபி
15 கிகா: 3.6 டிபி
18 கிகா: 4.7 டிபி
23 கிகா: 6.6 டிபி
80 கிகா: 20 டிபிக்கு மேல்

கிடையில் இன்னும் அதிகம். 15 கிகாவில் 4.45, 18 கிகாவில் 5.9. விழும் மழைத்துளி அடிப்பக்கம் தட்டையாகி அகலவாக்கில் விரிவதால் கிடையலை கூடுதலாக அடிவாங்கும்.

18 கி.மீ. முழுக்க ஒரே நேரத்தில் 60 மி.மீ. வேகத்தில் பெய்யாது. பி.530இன் பழைய எளிய சூத்திரப்படி இந்த மழைக்குப் பயனுறு தூரம் கிட்டத்தட்ட 8 கி.மீ. அப்போது செங்குத்தில் 28.6 டிபி, கிடையில் 35.3 டிபி இழப்பு.

இப்ப மார்ஜினோடு வைத்துப் பாருங்க. 1.2 மீட்டர் டிஷ்: செங்குத்துக் கேரியர் 256 குவாமிலேயே நிற்கும். கிடைக் கேரியர் 64 குவாமுக்கு இறங்கும். மொத்தம் 310 எம்பிபிஎஸ் பக்கம், அதுவும் வருடத்தின் அந்த மோசமான நிமிடங்களில் மட்டும். 0.6 மீட்டர் டிஷ்: செங்குத்து 16 குவாமுக்கும் கிடை அதற்கும் கீழ்ப்படியான க்யூபிஎஸ்கேவுக்கும் போய் மொத்தம் 120 பக்கம் வந்து நிற்கும். லிங்க் அறுந்துபோகாது, ஏசிஎம் (சிக்னலுக்குத் தக்கபடி குவாமைத் தானே மாற்றும் வசதி) காப்பாற்றிவிடும். சின்ன டிஷ்ஷே போதும் என்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனால் மழை பெய்யும்போதுதான் எல்லோரும் வீட்டுக்குள் உட்கார்ந்து போனை எடுக்கிறார்கள்.

டவர்மேஸ்திரி | 13-06-2025

டிஷ் கணக்கு எல்லாம் சரிங்க, அந்த ஸ்டே கம்பி டவர்ல நாலடி டிஷ்ஷை யாரும் மாட்டச் சொல்லிறாதீங்க.

கோயமுத்தூருக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 சொல்ற அடிப்படைக் காத்து வேகம் நொடிக்கு 39 மீட்டர். அந்தக் காத்துல 1.2 மீட்டர் டிஷ் மேல விழற தள்ளு சுமார் 130 கிலோ. 0.6 டிஷ்ஷுக்கு 32 கிலோதான். உயரம் கூடக்கூட இன்னும் ஏறும். தள்ளு மட்டும்னா ஸ்டே கம்பி தாங்கிக்கும். டிஷ் எப்பவும் பைப்புக்கு ஒரு பக்கமா ஒட்டி நிக்கறதால டவரைத் திருகும். முக்கோண மெலிசு டவருக்குத் திருகலைத் தாங்கற சக்தி ரொம்பக் கம்மி. 15 கிகாவுல நாலடி டிஷ்ஷோட பீம் மொத்தமே 1.2 டிகிரி. 0.6 டிகிரி திரும்புனா 3 டிபி காலி, ஒரு டிகிரி திரும்புனா எட்டு டிபிக்கு மேல காலி, மழை மார்ஜின்ல கால்வாசி போயிரும். ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நாள் முழுக்க ஒரே திசையில இருந்து அடிக்கும். தாராபுரம் ரோட்டுப் பக்கம் அதை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை, காத்தாடி (காற்றாலை) நிக்கறதே அதுக்குத்தான்.

ஸ்டே டவர்தான் இருக்குதுன்னா: டிஷ் மாட்டற உயரத்துலயே ஒரு திருகுதடுப்புச் சட்டம் போட்டு, அதோட மூணு மூலையில இருந்தும் ரெண்டு ரெண்டா ஆறு ஸ்டே இழுக்கணும். டிஷ்ஷோட பக்கவாட்டுத் தாங்குகம்பி (பெட்டியோடவே வரும், பாதிப்பேர் மாட்டாம விட்டுருவாங்க) டவரோட வேற காலுக்குப் போகணும், அதே பைப்புல கட்டுனா பிரயோசனம் இல்லை. நாலு கால் ஆங்கிள் டவர்னா இந்தக் கவலை இல்லை.

நொய்யல்கரை | 14-06-2025

மேஸ்திரி சொன்னதை வைத்து உயரக் கணக்கு. தரை சமம் என்று வைத்தால் 18 கி.மீ. பாதையின் நடுவில்:

முதல் ஃப்ரெனெல் ஆரம் (நேர்கோட்டைச் சுற்றி அலைக்கு வேண்டிய வெற்றிடம்) 15 கிகாவில் 9.5 மீட்டர். பூமி வளைவு, கே (காற்றில் அலை வளைவதைக் காட்டும் எண்) சாதாரண நாளின் 4/3க்கு 4.8 மீட்டர், மோசமான நாளின் 2/3க்கு 9.5 மீட்டர். சாதாரண நாளுக்கு முழு ஃப்ரெனெல் கேட்டால் 14.3 மீட்டர். மோசமான நாளுக்கு 60 சதவீதம் கேட்டால் 15.2 மீட்டர். எப்படிப் பார்த்தாலும் மரத்து உச்சிக்கு மேல் 15 மீட்டர் வெற்றிடம் வேண்டும்.

மரம் எவ்வளவு? மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டு வெள்வேல மரம் பிரச்சினை இல்லை, 10, 12 மீட்டருக்குள் நின்றுவிடும். பனையும் தென்னையும்தான் 20 மீட்டர் போகும். வளர்ச்சிக்கு 3 சேர்த்து 23. ஆக இரு பக்கமும் 38 மீட்டர். நடுவில் மேடு இருந்தால் கூடும், டவரே மேட்டில் இருந்தால் குறையும். இலவச நில உயரப் படத்தை மட்டும் நம்பாதீங்க. அதில் நேற்று நட்ட தோப்பு இருக்காது, பழைய தோப்பு பாதி உயரத்தில் தெரியும். கோட்டை வரைந்து, சந்தேகமான நாலைந்து இடத்துக்கு வண்டியில் போய் மரத்து உயரத்தை அளந்துட்டு வாங்க. தோப்புக்காரரிடம் என்ன வயசு மரம் என்று கேட்பதும் சர்வேயில் சேர்த்திதான். இளந்தென்னை வருடத்துக்கு ஒன்றிரண்டு அடி ஏறும்.

காத்தாடி தனி விஷயம். உடுமலை, பல்லடம், தாராபுரம் முக்கோணத்தில் எந்தக் கோட்டை இழுத்தாலும் பக்கத்தில் ஒன்று நிற்கும். தண்டு மட்டும் ஃப்ரெனெலுக்கு வெளியே இருந்தால் போதாது, இறக்கை சுற்றும் முழு வட்டமும் வெளியே இருக்கணும். இறக்கை ஓரத்தில் வெட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் சிக்னல் குதிக்கும். சராசரி எண் நன்றாகவே இருக்கும், பாக்கெட் மட்டும் விழும். எங்கே கோளாறு என்று தெரியாமல் ரேடியோவைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். காற்று இல்லாத நாளில் சரியாக ஓடி, காற்றடிக்கும் நாளில் மட்டும் பிழை ஏறினால் இரண்டைத்தான் பார்க்கணும்: டவர் அசைகிறதா, பாதையில் இறக்கை வெட்டுகிறதா. பிழை சீரான இடைவெளியில் வந்தால் இறக்கை. ஒழுங்கில்லாமல் வந்தால் டவர்.

சூலூர் விமானப்படைத் தளம், கோவை விமான நிலையம் பக்கம் வேறு லிங்க் யோசிக்கிறவர்கள் உயர அனுமதியை முதலில் பாருங்க. சாக்ஃபா விண்ணப்பத்தில் கொடுக்கும் ஆயத்தொலைவும் கடல்மட்ட உயரமும் டவர் அடியில் நின்று எடுத்ததாக இருக்கணும். ஆபீசில் உட்கார்ந்து வரைபடத்தில் தொட்டு எடுக்காதீங்க.

ஊத்துக்குளிக்காரர் | 16-06-2025

கரண்டு பத்தி யாரும் பேசலையே. மாதாந்திரப் பராமரிப்புன்னு காலை 9 மணிக்கு நிறுத்துனா மாலை 4, 5 மணிக்குத்தான் வரும். மழையால வருசத்துக்கு 53 நிமிசம்னு கணக்குப் போடறோம், பேட்டரி பத்தாம மாசத்துக்கு ரெண்டு மணி நேரம் போனா அந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம்?

எக்ஸ்பிக் ரேடியோ 70 வாட்டு, ரூட்டரும் சுவிட்சும் 40, வாடிக்கையாளர் பக்கம் அனுப்பற செக்டார் ரேடியோ நாலு 40. மொத்தம் 150 வாட்டு. எட்டு மணி நேரத்துக்கு 1200 வாட்-மணி. 48 வோல்ட்டுல 25 ஆம்பியர்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழ இறக்கக் கூடாதுன்னா 50. நம்ம வெயில்ல அது தேயறதையும் சேர்த்தா 65 ஆம்பியர்-மணி 12 வோல்ட் நாலு. லித்தியம் இரும்பு பாஸ்பேட்னா 50 ஆம்பியர்-மணி ஒரு பேக் போதும். யூபிஎஸ் இன்வெர்ட்டர்ல 230 ஆக்கி மறுபடி அடாப்டர்ல 48 ஆக்காதீங்க, வழியிலயே கால்வாசி வீணாப் போகும். ரெக்டிஃபையர், பேட்டரி, நேரா 48.

ஒண்ணு கவனம். டெலிகாம் மைனஸ் 48ல பாசிட்டிவ்தான் எர்த். நம்ம பழைய 48 வோல்ட் பிஓஇ (நெட் கேபிள்லயே கரண்டும் போறது) சாமான்ல நெகட்டிவ் எர்த். ரெண்டையும் ஒரே பேட்டரியில போட்டு ரெண்டு பாடியையும் டவர்ல இறுக்குனா ஷார்ட். ரேடியோ உள்ளீடு ஃப்ளோட்டிங்கான்னு (ரெண்டு முனையும் பாடியோட ஒட்டாம இருக்குதான்னு) கேளுங்க. இல்லைன்னா நடுவுல ஐசோலேட்டட் டிசி-டிசி கன்வெர்ட்டர் வைங்க.

நொய்யல்கரை | 17-06-2025

இது ரொம்ப முக்கியம். என் பட்டியலில் டவருக்கு அடுத்து பேட்டரியைப் போட்டுக்குங்க.

மேலே எழுதிய மழைக் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். 60 மி.மீ.க்குப் பதில் 80 போட்டால் செங்குத்து இழப்பு 28.6இலிருந்து 32.3 ஆகிறது. பெரிய வித்தியாசம் இல்லை. வேகம் கூடும்போது மழையின் பரப்பு சுருங்குவதால் பயனுறு தூரமும் 6.6 கி.மீ. ஆகக் குறைகிறது. அதாவது மழை எண்ணில் கொஞ்சம் பிசகினாலும் முடிவு மாறாது, ஒரு படி குவாம் இறங்கும், அவ்வளவே. கிடை, செங்குத்து வித்தியாசம் இதைவிடப் பெரிது. ஒற்றைக் கேரியர் போடுகிறவர்கள் விண்ணப்பத்தில் செங்குத்து என்று மறக்காமல் எழுதுங்க.

இன்னொரு வழியும் உண்டு. நடுவில் ஒரு டவர் வைத்து இரண்டு 9 கி.மீ. துண்டாக்குவது. 18 கிகா, 0.6 மீட்டர் டிஷ் (38.5 டிபிஐ): வெட்டவெளி இழப்பு 136.6, அனுப்பும் சக்தி 19, வந்து சேர்வது மைனஸ் 41.6, மார்ஜின் 25. செங்குத்து மழை இழப்பு 25.7. கிட்டத்தட்ட ஒரே துண்டில் 15 கிகா, 1.2 மீட்டர் போட்டதற்குச் சமம். டவர் லேசாகப் போதும், நடு ஊரில் வாடிக்கையாளரும் கிடைப்பார்கள். ஆனால் ரேடியோ இரட்டிப்பு, உரிமம் இரட்டிப்பு, பேட்டரி ஒரு செட் கூட, நடு டவர் விழுந்தால் எல்லாம் போச்சு. நடு ஊரில் எப்படியும் டவர் போடப்போறீங்க என்றால் மட்டும் இது சரி. ரேடியோவைக் காப்பாற்றுவதற்காக மட்டும் டவர் நடாதீங்க.

காங்கேயத்தார் | 19-06-2025

நடு ஊர்ல டவர் போடற யோசனை இருக்குது, ஆனா நேர்கோட்டுல இல்லை, கிழக்கே தள்ளி. அப்ப மூணு டவரையும் முக்கோணமாச் சுத்திக் கட்டிட்டா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓடுமில்லங்க? மூணு லிங்கும் 15 கிகா. இன்னொண்ணு, பழைய ரேடியோ பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா?

நொய்யல்கரை | 19-06-2025

முக்கோணம் ஒரே பேண்டில் கட்ட முடியாதுங்க.

ஒவ்வொரு லிங்கிலும் ஒரு முனை 'ஹை', மறுமுனை 'லோ'. ஹை முனை மேல் பாதியில் அனுப்பி, கீழ்ப் பாதியில் வாங்கும். ஒரே டவரில் ஒரே பேண்டில் உள்ள எல்லா ரேடியோவும் ஒரே பக்கமாக இருக்கணும். ஒன்று ஹை, ஒன்று லோ என்று வைத்தால் ஒன்று கத்தும் இடத்தில் மற்றது காது கொடுக்கும். முதல் டவர் ஹை என்றால் இரண்டாவது லோ, மூன்றாவது ஹை, திரும்ப முதல் டவருக்கு வரும்போது லோ கேட்கும். டவர் எண்ணிக்கை ஒற்றைப்படையான எந்த வளையத்திலும் இது முட்டும். நாலு டவர் வளையம் என்றால் முட்டாது. மூன்றுதான் என்றால் ஒரு பக்கத்தை மட்டும் 18 கிகா ஆக்குங்க. எந்த டவர் ஹை, எது லோ என்று விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்க. நாளைக்கு வரப்போகும் டவரையும் சேர்த்து எழுதுங்க.

உதிரி ரேடியோவும் இதோடு சேர்ந்தது. ஒரே பேண்ட், ஒரே சப்-பேண்ட் என்று நெட்வொர்க்கைக் கட்டினால் ஹை ஒன்று, லோ ஒன்று என இரண்டே உதிரி போதும். லிங்குக்கு ஒரு பேண்ட் என்று போனால் லிங்குக்கு இரண்டு உதிரி.

பழைய ரேடியோ: 2021 ஜூன் 15 முதல் உரிமதாரர்கள் நம்பகமான மூலம் என்று ஒப்புதல் பெற்ற சாதனங்களைத்தான் புதிதாக நெட்வொர்க்கில் இணைக்கலாம். அடுத்து டைப் அப்ரூவல், டெக் (தொலைத்தொடர்புப் பொறியியல் மையம்) சான்று. சந்தையில் வரும் பழைய பெட்டியில் இவற்றுக்கு ஆதாரம் கிடைப்பது அரிது. சப்-பேண்டும் நம் கடிதத்தோடு பொருந்தாது. வேகத்தைத் திறந்துவிடும் கெபாசிட்டி லைசென்ஸ் சாவி (சாஃப்ட்வேர் கீ) பழைய வரிசை எண்ணோடு கட்டப்பட்டிருக்கும், எக்ஸ்பிக் சாவி இல்லையென்றால் பாதி ரேடியோதான் வாங்கியிருக்கீங்க. வேண்டாம்.

ஊத்துக்குளிக்காரர் | 21-06-2025

வளையம் கட்டறவங்களுக்கு: மழையில ரேடியோ 400ல இருந்து 120க்கு இறங்குனாலும் ஈதர்நெட் போர்ட் ஒரு கிகா ஏறியேதான் இருக்கும். ரூட்டர்ல வழி தேர்ந்தெடுக்கற ஓஎஸ்பிஎஃப்புக்கு ஒண்ணும் தெரியாது, அதே வழியில தள்ளிட்டே இருக்கும். ரேடியோ தன் அகலத்தை ரூட்டருக்குச் சொல்ற வசதி (ஒய்.1731 அகல அறிவிப்பு) இருக்கான்னு பாருங்க. நம்ம ரூட்டருக்கு அது புரியலைன்னா எஸ்என்எம்பியில (கருவியோட நிலையைத் தூரத்துல இருந்து படிக்கற முறை) குவாம் அளவைப் படிச்சு காஸ்ட்டை (ஒவ்வொரு வழிக்கும் வெக்கற மதிப்பு, கம்மியான வழியைத்தான் ரூட்டர் எடுக்கும்) மாத்தற ஸ்கிரிப்ட் போடணும். ரூட்டர்ல 400ன்னு நிலையா ஷேப்பர் (வேகக் கட்டுப்பாடு) போட்டா மழை நேரத்துல வரிசை ரேடியோவுக்குள்ள நிக்கும். அங்கயும் முன்னுரிமை வரிசை அமைக்கணும், ரூட்டர்ல டிஎஸ்சிபி முன்னுரிமைக் குறி போட்டு அனுப்பணும். இல்லாட்டி குரலழைப்பும் டவுன்லோடும் ஒண்ணா விழும். எம்டியூ (பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) 1600 பைட்டுக்குக் குறையாம வைங்க.

பழைய 5.8 லிங்கைக் கழட்டாதீங்க. காஸ்ட் கூட்டி வெச்சு, லிங்க் அறுந்ததை உடனே கண்டுபிடிக்கற பிஎஃப்டி போட்டு மாற்றுவழியா விடுங்க. பழுது பாக்கறப்போ ரேடியோவுக்குள்ள போறதுக்காவது உதவும்.

டவர்மேஸ்திரி | 24-06-2025

மாட்டற நாளுக்கு:

டிஷ்ஷுல ஃபீடை (அலை வெளிய வர்ற மூக்கு) கீழயே பாத்துருங்க. ரெண்டு முனையிலயும் செங்குத்துக் குறி ஒரே மாதிரி இருக்கணும். ஓ-ரிங்குல கிரீஸ் தடவி, ரேடியோவை நேரா டிஷ்ஷுல பூட்டுங்க. நடுவுல வளையற வேவ்கைடு (அலையைக் கொண்டு போற உலோகக் குழாய்) வேண்டவே வேண்டாம். இழப்பு ஒரு பக்கம், ரெண்டு வருசத்துல தண்ணி இறங்கறது இன்னொரு பக்கம்.

திசைக்கு காம்பஸ் இரும்பு டவர்ல பிசகும். பாதையில ரெண்டு கிலோமீட்டர்ல தெரியற கோயில் கோபுரமோ தண்ணித் தொட்டியோ ஒண்ணைப் படத்துல குறிச்சுக்கிட்டு அதை வெச்சு முகத்தைத் திருப்புங்க. ஒரு முனையை அசைக்காம நிறுத்தி, மறுமுனையை இடவலமா முழுக்க ஓட்டுங்க. சிக்னல் ஏறி இறங்கி மறுபடி ஏறும். நடுவுல இருக்கற உச்சிதான் மெயின் பீம், ரெண்டு பக்கமும் 20 டிபிக்கு மேல கம்மியா இருக்கறது சைடு லோப். மேல கீழயும் அதே மாதிரி. அப்புறம் மறுமுனை. கணக்குல மைனஸ் 37ன்னா கையில 2, 3 டிபிக்குள்ள வரணும். மைனஸ் 58ல நின்னு "லிங்க் வந்துருச்சு"ன்னு இறங்கிறாதீங்க, அது சைடு லோப். கடைசியா ஃபீடைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருகி எக்ஸ்பிடி (செங்குத்தும் கிடையும் எவ்வளவு தனியாப் பிரியுதுங்கற அளவு) 25, 30 டிபிக்கு மேல கொண்டு வாங்க. அது வரலைன்னா எக்ஸ்பிக் 256 குவாமுக்கு மேல ஏறாது.

எர்த்து: நம்ம பக்கம் மேல செம்மண்ணு, கீழ பாறை. ஒத்தைக் குழியில எர்த்தோட தடை (ஓம்) இறங்காது. மூணு குழி, ஒவ்வொண்ணுக்கும் கம்பி நீளத்துக்கு ரெண்டு மடங்கு இடைவெளி விட்டு, ஈரம் புடிக்கற பெண்டோனைட் களிமண் போட்டு, பட்டையால இணைங்க. கோடையில தண்ணி ஊத்தணும். டிஷ், ரேடியோ, இடி அரெஸ்டர், கேபினெட் எல்லாம் ஒரே எர்த்துல. செம்புக் கேபிளுக்குப் பதிலா ஃபைபரும் தனி டிசி வயரும் ஏத்துனா இடியில தப்பிக்கறது நிறைய.

கோபிக்காரர் | 02-07-2025

எங்களுக்கு 30 கி.மீ., 7 கிகா. பவானி வாய்க்கால் பாசன வயல் மேலயே போகுது. மழை இல்லாத நாள்ல விடியக்காலம் மட்டும் 15, 20 டிபி இறங்கி, எட்டு மணிக்குச் சரியாகிருது. தை, மாசியில ரொம்ப. ரேடியோ மாத்தியாச்சு, அதேதான்.

நொய்யல்கரை | 02-07-2025

ரேடியோ காரணமில்லைங்க. தண்ணி கட்டிய வயல் கண்ணாடி போல அலையைத் திருப்புகிறது. நேர் அலையும் வயலில் பட்டுத் திரும்பும் அலையும் எதிரெதிராகச் சேர்ந்தால் சிக்னல் குழியில் விழும். பனிக்கால இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து மேலே வெதுவெதுப்பாக இருக்கும்போது அலை வளையும் விதமும் மாறுகிறது. வெயில் ஏறிக் காற்று கலந்ததும் சரியாகிவிடும். 7 கிகாவில் மழைக்குப் பயமில்லை, இதற்குத்தான் பயம்.

சக்தியைக் கூட்டுவதால் பயனில்லை. முதல் வழி, ஒரு முனை டிஷ்ஷை உயரத்தில் ஏற்றி இறக்கிப் பார்ப்பது. பட்டுத் திரும்பும் இடம் வயலிலிருந்து மேட்டுக்காட்டுக்கு நகர்ந்தாலே பாதி தீரும். ஒரு முனை நல்ல உயரம், மறுமுனை தாழ்வு என்று வைத்தால் அந்த இடம் தாழ்ந்த முனைப் பக்கம் நெருங்கி வரும், அங்கே மரமோ வீடோ இருந்தால் நல்லது. அப்படியும் தீராவிட்டால் ஸ்பேஸ் டைவர்சிட்டி: அதே டவரில் 8, 9 மீட்டர் கீழே இன்னொரு டிஷ். ஒன்று குழியில் இருக்கும்போது மற்றது மேட்டில் இருக்கும்.

நொய்யல்கரை | 05-07-2025

இப்ப கம்பெனி. காங்கேயத்தார் இன்னமும் கேட்டுட்டு இருக்கார்.

செராகான், ஏவியாட், சியே, நோக்கியா, எரிக்சன் எல்லாமே 28 மெகாவில் ஒன்றுக்கொன்று ஒன்றிரண்டு டிபிக்குள் வரும் ரேடியோக்கள். கேம்பியத்தின் பிடிபி 820 வரிசை செராகானின் வடிவமைப்புதான். ஏவியாட் 2023இல் என்ஈசியின் மைக்ரோவேவ் வணிகத்தை வாங்கியதால் அதன் ஐபாசோலிங்க் ரேடியோ கேட்பவர்கள் இப்போது அவர்களிடம்தான் போகணும். அந்த ஒன்றிரண்டு டிபியை டிஷ் அளவும் ஒழுங்கான அலைன்மென்ட்டும் விழுங்கிவிடும். அதனால் விலைப்புள்ளி கேட்கும்போது இவற்றைக் கேளுங்க, பதில் எழுத்தில் வரட்டும்:

உங்கள் கடிதத்தில் உள்ள அலைவரிசை ஜோடிக்கு எந்த சப்-பேண்ட் பெட்டி, ஹை முனை, லோ முனை பகுதி எண்கள். சொல்லும் எம்பிபிஎஸ் எந்தப் பாக்கெட் அளவில், தலைப்புச் சுருக்கத்தோடா (பாக்கெட்டின் முகவரிப் பகுதியைச் சுருக்கி அனுப்புவது) இல்லாமலா (64 பைட்டில் காட்டும் பெரிய எண்ணை ஒதுக்கிவிட்டு 1518 பைட் எண்ணைக் கேளுங்க). ஒவ்வொரு குவாமுக்கும் அனுப்பும் சக்தியும் தாங்கும் அளவும், உறுதியளிக்கப்பட்டதா, வெறும் சராசரியா. எக்ஸ்பிக், முழுக் கெபாசிட்டி, ஏசிஎம், குறியாக்கம் இவற்றில் எதற்குத் தனிச் சாவி. நம்பகமான மூல ஒப்புதல், டைப் அப்ரூவல், டெக் சான்று எண்கள். பழுதானால் பெட்டி எங்கிருந்து வரும், எத்தனை நாளில். கோவையில் உதிரி வைத்திருப்பவர் மூன்று சதவீதம் கூடுதல் கேட்டாலும் கொடுங்க.

உங்கள் லிங்குக்கு: 15 கிகா, 28 மெகா, எக்ஸ்பிக், 1.2 மீட்டர் டூயல் போலரைஸ்டு, முழு வெளிப்புற ரேடியோ, ஃபைபரும் டிசியும். டவர் 38 மீட்டருக்குக் குறையாமல், நாலு கால். மூன்றாவது டவர் வந்தால் அந்த ஒரு பக்கம் 18 கிகா.

காங்கேயத்தார் | 06-07-2025

டவர் விலை ரேடியோவை விட அதிகமா வருதுங்களே.

டவர்மேஸ்திரி | 06-07-2025

வருங்க. அஞ்சு வருசத்துல ரேடியோவை மாத்துவீங்க, டவரை மாத்த மாட்டீங்க. அஸ்திவாரம் ஆடிக் காத்துக்கு முன்னாடி வேண்டாம், ஆவணியில குழி தோண்டுங்க. கான்கிரீட் 28 நாள் ஆறட்டும், அதுக்குள்ள கடிதத்துக்கு அலையுங்க. டிஷ் மாட்டுன அப்புறம் வர்ற முதல் ஆடி முடிஞ்சதும் எல்லா போல்ட்டையும் டார்க் ஸ்பேனர் வெச்சு ஒருதடவை இறுக்கிட்டு, சிக்னலைப் பழைய எண்ணோட ஒப்பிட்டுக்குங்க.

நொய்யல்கரை | 07-07-2025

அந்தப் பழைய எண்ணை மாட்டிய அன்றே எழுதி வைக்கணும்: இரு முனை, இரு கேரியர், வந்து சேரும் சக்தி, எக்ஸ்பிடி, வெயில் நேரமா மழை நேரமா. கேபினெட் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்க.